வீட்டு மொழி: ஆங்கிலம்

அறையின் மூலையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து, வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வெறும் நிறங்களாகத் தெரிந்தார்கள். ஒரு சிவப்பு ஓடும். ஒரு மஞ்சள் அதைத் துரத்தும். சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த அறை அப்படியே வருகிறது, ஆறிப்போன தேநீரின் வாசனையோடு.

எந்த மாதம் என்று கேட்காதீர்கள். வெம்பிளியில் பழைய ஸ்டேடியத்தின் இரட்டைக் கோபுரங்களை இடித்துவிட்டு, புதியதற்கான இரும்பு வளைவைத் தரையில் படுக்கப் போட்டிருந்த காலம். இடம், லண்டன் கிங்ஸ்பரியில் ஓர் ஆரம்பப் பள்ளி.

மேசையைச் சுற்றி நான்கு பேர். தலைமையாசிரியை மிஸஸ் ஹார்ட்லி. உள்ளூராட்சிக் கவுன்சில் அனுப்பிய உளவியலாளர். அவர் மெல்லிய குரல்காரர், வாய் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பவர். சிவகௌரி என்கிற யாழ்ப்பாணத்துத் தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான்காவது ஆள் நான். அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர்.

பேச்சு சிவகௌரியின் மகள் அபிராமியைப் பற்றி. ஏழு வயது. பள்ளிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியும் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வி கேட்டால் தலையை ஆட்டுவாள். சில நாள் அதுவும் இல்லை. உளவியலாளர் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்த்திருந்தார். கற்றல் குறைபாடு என்பது அவர் முடிவு. சிறப்புப் பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் சிபாரிசு. தாய் சம்மதித்துவிட்டால் அந்த வாரமே காகிதம் மேலே போய்விடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரிப் பள்ளிகளை நான் குறைவாக நினைக்கவில்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய வரம். தேவைப்படாத பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தால், திரும்பி வரும் வழி மிகவும் ஒடுங்கியது. போனவர்கள் சிலரைத் தெரியும். வந்தவர்கள் யாரையும் தெரியாது.

உளவியலாளர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். முதல் தாள், பள்ளியில் சேர்த்தபோது நிரப்பிய படிவம். வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்தில் நீல மையில் 'இங்கிலிஷ்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 'ஜி' எழுத்தின் வால் கட்டத்தையும் தாண்டிக் கீழே இழுபட்டிருந்தது.

மலேசியாவில், தைப்பிங் கான்வென்டில் சிஸ்டர்கள் ஸ்கேலால் தட்டியும் திருந்தாத வால் அது. என் கையெழுத்து.

அரை நிமிஷ வேலை

அந்த நாளில் நான் கவுன்சிலில் மொழி ஆதரவு ஆசிரியை. பெயர்தான் பெரிது. நான்கு பள்ளிகளுக்குத் தோளில் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற உத்தியோகம். பையில் பட அட்டைகள், ஒரு துணிப் பொம்மை, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். ஆங்கிலம் தெரியாமல் வருகிற பிள்ளைகளோடு வகுப்பில் பக்கத்தில் உட்கார வேண்டும். பெற்றோர் கூட்டங்களில் மொழிபெயர்க்க வேண்டும். புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாளில் பள்ளி ஹாலில் ஒரு சின்ன மேசை போட்டு, படிவம் நிரப்ப உதவ வேண்டும்.

அந்தச் சின்ன மேசைக்குத்தான் சிவகௌரி வந்தார். இடுப்பில் சாய்ந்துகொண்டு ஐந்து வயது அபிராமி, ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்தபடி.

"மிஸ், இந்த இடத்தில என்ன எழுதுறது?" என்று கேட்டார்.

"வீட்ல என்ன பேசுறீங்களோ அதைப் போடுங்க."

"தமிழ் எண்டு போட்டா பிள்ளையைக் கடைசி மேசையில இருத்துவினமாம். கடையில ஒரு அக்கா சொன்னவ. இங்கிலிஷ் எண்டு போடுவமோ?"

"பாப்பாவுக்கு இங்கிலிஷ் வருமா?"

"தகப்பனோட ரெண்டு சொல்லுக் கதைப்பா. பிடிச்சிடுவா மிஸ், கெட்டிக்காரி. நான் எழுதினா எழுத்துப் பிழைச்சுப்போம். நீங்களே எழுதிவிடுங்கோ."

கடைசி மேசைச் செய்தி அப்போது வெம்பிளிக் காய்கறிக் கடையிலிருந்து லண்டனின் தென்கோடித் தோர்ண்டன் ஹீத் கோயில் வரைக்கும் காதோடு காதாகப் போய்க்கொண்டிருந்தது. நெருப்பில்லாமல் புகையாது. மொழி தெரியாத பிள்ளையையும் புத்தி மந்தமான பிள்ளையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வண்ணம் தீட்டச் சொல்கிற வகுப்புகளை நானே பார்த்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆனால் பயந்தவர்களுக்கு ஓர் இடம் போதும்.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை நடத்தலாமென்றால், ஒரு நல்ல மேசைக்கு ஒரு பொய் என்ன கெட்டுப்போயிற்று? இப்படித்தான் நினைத்தேன். எழுதினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

அந்தப் பொய்யால் நடந்த முதல் காரியம், அபிராமியின் பெயர் என் பட்டியலில் வராமல் போனது. ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு மொழி ஆதரவு எதற்கு? வாரத்தில் ஒரு காலை அந்தப் பள்ளிக்குப் போவேன். நடைபாதையில் அவளைக் கண்டால், "எப்படி இருக்க பாப்பா?" என்பேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் விஷயத்தில் நமக்குத் தெரியாததற்கெல்லாம் கூச்சம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சிவகௌரி வீட்டைப் பற்றி இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய அகதி விண்ணப்பம் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இருந்தது. காரணம், ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளுக்கு ஒரு தாளில் ஒரு தேதியும் இன்னொரு தாளில் இன்னொரு தேதியும் எழுதியிருந்தது. ஷெல் விழுகிறபோது யார் காலண்டரைப் பார்த்தார்கள்? ஆனாலும் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. தாளில் எழுதினது எழுதினதுதான். அதற்கு மாறாக வாயிலிருந்து ஒரு சொல் வரக்கூடாது. கிங்ஸ்பரியில் பாதி வீட்டில் அந்தச் சட்டம் இருந்தது.

தண்ணீர் கேட்ட கதை

என் கை ஏன் அவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லை எழுதியது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். கை அப்பாவுடையது.

அப்பா தைப்பிங்கில் ரயில்வே குமாஸ்தா. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்விட்டாலும் அவனுடைய மொழி கப்பலேறவில்லை என்று சொல்வார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் மட்டும்தான். தமிழில் தண்ணீர் கேட்டால் தண்ணீர் வராது. அண்ணன் ஒரு நாள் மிளகாய் கடித்துக் கண்ணீரோடு "தண்ணி, தண்ணி" என்று துடித்தபோதும் அப்பா குவளையைக் கையால் மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவள் எங்களோடு உட்கார்ந்ததே இல்லை. அடுப்படியில் நின்றபடி, நாங்கள் என்னதான் பேசிச் சிரிக்கிறோம் என்று விளங்காமலே தானும் சிரிப்பாள். அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் கொடுத்த ஆங்கிலத்தில்தான் லண்டனில் என் பிழைப்பு நடந்தது என்பதும் உண்மை.

சட்டம் படிக்கத்தான் இங்கே வந்தேன். என் படிப்புக் கப்பல் எந்த ஆண்டு எந்தப் பாறையில் மோதியது என்பதை இந்தப் பத்தியில் முன்பே ஒரு வாரம் அழுது எழுதிவிட்டேன். மறுபடி அழுதால் பத்திரிகை ஆசிரியர் கோபிப்பார். சட்டம் என்னைக் கைவிட்டாலும் சட்டத்தின் மேல் எனக்கிருந்த ஆசை போகவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டியூபில் நெப்ராஸ்கா

அந்த ஆசை ஐம்பதை நெருங்கும்போது மறுபடி தலை தூக்கியது. வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்க் கல்வியியலில் மேற்படிப்புப் படிக்கலானேன். கிங்ஸ்பரியில் ஜூபிலி லைன் டியூப் ரயில் ஏறி, பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அங்கிருந்து பஸ். வகுப்பு எடுத்தவர் அமெரிக்கப் பெண்மணி. பல பண்பாட்டுக் கல்விக்காக அவர்கள் நாட்டில் நடந்த வழக்குகளைக் கதை சொல்கிற மாதிரிச் சொல்வார். எனக்குப் போட்டோகாப்பித் தாள்கள் போதும். ரயில் ஆடுகிற ஆட்டத்தில் பாதி வாசித்து, பாதி கனவு காண்பேன்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி சொல்லிக்கொடுக்கக் கூடாது. சுற்றிலும் ஜெர்மன்காரக் குடியானவர்கள். ஒரு கிராமத்து வாத்தியார் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மனில் கதை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். அரசு வழக்கறிஞர் வகுப்புக்குள் வந்து நிற்கிறார். வாத்தியார் அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் தப்பியிருக்கலாம். மாறவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டம்தான் தோற்றது.

வெம்பிளி பார்க் வரும்போது நான் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பேன். வெளியே கோதுமை வயல். வாத்தியாரின் கழுத்தில் வேர்வை. கதவில் ஒரு தொப்பியின் நிழல். பின்ச்லி ரோடில் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது கோதுமை எல்லாம் அணைந்துவிடும்.

பிறகு கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்ற பெரிய தீர்ப்பு வந்தது. அது எல்லாருக்கும் தெரியும். நான் ஆசையாக வாசித்தது அதற்குப் பின்னால் வந்த சின்ன வழக்குகளை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் விளங்காத சீனப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் சொன்னது, எல்லாருக்கும் ஒரே வாத்தியார், ஒரே புத்தகம், இதில் என்ன பாரபட்சம் என்று. நீதிபதிகள் ஒப்பவில்லை. விளங்காத பிள்ளைக்கு அதே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்றார்கள்.

அதற்குச் சில வருஷம் முன்னால் அதே கலிபோர்னியாவில் ஒன்பது பிள்ளைகள். வீட்டில் ஸ்பானிய மொழி. அவர்களுடைய புத்தியை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள். வழக்கு வந்தது. வீட்டு மொழியில் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் அப்படி ஒரு குறையும் இல்லை. இனிமேல் பிள்ளையின் சொந்த மொழியில் சோதிக்கிறோம் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. இதெல்லாம் கொடுத்த கலிபோர்னியாதான் பின்னொரு காலத்தில் வாக்கெடுப்பு வைத்து, இருமொழி வகுப்புகளில் பெரும்பாலானவற்றை மூடியது. சட்டம் ஏறும், இறங்கும். நம்முடைய ரயில் மாதிரி நடுவில் நிற்கவும் செய்யும்.

இங்கிலாந்தின் கல்விச் சட்டத்திலும் அந்த ஒன்பது பிள்ளைகளுக்கு உறவான ஒரு வரி இருக்கிறது. பள்ளியின் மொழி வேறு, வீட்டின் மொழி வேறு என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று சொல்லக் கூடாது. அந்த வரியின் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டு, கட்டுரையும் எழுதிக்கொடுத்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அது அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம்.

இப்போது சொல்லுங்கள். அந்தச் சட்டம் அபிராமியைக் காப்பாற்ற, கட்டத்தில் 'தமிழ்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதும். வேலியே பயிரை மேய்ந்த கதை.

"என்ன மொழியில்?"

ஆக, ஹீட்டர் முனகுகிறது. கோப்பு திறந்திருக்கிறது. என் 'ஜி'யின் வால் என்னைப் பார்க்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கவுன்சில் கொடுத்த பயிற்சியில் ஒரே ஒரு பாடம்தான். சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே. மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த வாய் கிடையாது. அந்த ஒழுங்கில் நான் கொஞ்சம் பெயர் வாங்கியவள். நம்மவர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் கணக்கில் மொழிபெயர்ப்பாளர் என்பவர் நம் ஆள். நல்லதைச் சொல்லி அல்லாததை விழுங்க வேண்டியவர். பத்து வாக்கியம் பேசினால் நாலு வாக்கியம் "இது உங்களுக்கு மட்டும்" என்று முடியும்.

உளவியலாளர் சிபாரிசைச் சொல்லி முடித்தார். நான் தமிழில் சொன்னேன். சிவகௌரி மேசைப் பக்கம் சாய்ந்தார்.

"என்ர பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை மிஸ். வீட்டில வாய் மூடாது. டிவியில வாறவையோடயும் கதைக்கும். சமைக்க விடாது."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். உளவியலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்காமல் நிமிர்ந்தார். எனக்கு அந்த மனிதரை அந்த நொடியில் பிடித்துப்போயிற்று.

"என்ன மொழியில் பேசுவாள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். "ஆங்கிலம் என்று இருக்கிறதே. அதை நம்பித்தான் நான் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தேன். அம்மா இதை உறுதிப்படுத்த வேண்டும்."

நான் தமிழில் கேட்டேன். "வீட்ல அபிராமி பேசுறது என்ன மொழின்னு கேக்குறாங்க. தாளில இருக்கிறது சரியான்னு கேக்குறாங்க."

சிவகௌரி தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டுச் சட்டம் அவர் கண்ணில் வந்து நின்றதை நான் கண்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேகமாகச் சொன்னார்.

"இங்கிலிஷ்தான் எண்டு சொல்லுங்கோ மிஸ். தாளில ஒண்டும் வாயில ஒண்டுமா இருந்தா எங்களைப் பொய்க்காரர் எண்டுவினம். அப்பீல் கிடக்குது. எழுதினது நீங்கள் எண்டு தெரிஞ்சா உங்கட வேலையும் போயிடும். நான் ஒண்டும் சொல்லமாட்டன். இது உங்களுக்கு மட்டும்."

மிஸஸ் ஹார்ட்லி என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

பொய் சொல்லி உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? முதல் வாக்கியத்தோடு நிறுத்தத்தான் வந்தது எனக்கு. இங்கிலிஷ்தான் என்கிறார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. என் வேலை தப்பும். அவர்களுடைய அப்பீல் தப்பும். அந்தத் தாயே கேட்டுக்கொண்டதுதானே. போகப்போவது அறையில் இல்லாத ஒருத்தி மட்டும். அவளும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வெளியே மணி அடித்தது. நிறங்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓடி மறைந்தன.

அவர் சொன்னதைச் சொன்னேன். முதல் வாக்கியத்திலிருந்து கடைசி வாக்கியம் வரைக்கும், பொய்க்காரர், அப்பீல், என் வேலை, 'இது உங்களுக்கு மட்டும்' உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் வைத்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. முடித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்கு இல்லாத என் சொந்த வாயைத் திறந்தேன்.

"இது என் கையெழுத்து," என்றேன். "அந்தப் பிள்ளை வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். தெரிந்தே எழுதினேன்."

மிஸஸ் ஹார்ட்லி பேனாவை மூடி வைத்தார். உளவியலாளர் தன்னுடைய அறிக்கையை எடுத்து, மெதுவாக இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அப்படியானால் நான் சோதித்தது எதையும் சோதிக்கவில்லை," என்றார். அந்தப் பென்சில் கோட்டு வரியை அவரும் படித்தவர்தான். நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

கோபம்

பள்ளிக் கேட்டுக்கு வெளியே சிவகௌரி எனக்காக நின்றுகொண்டிருந்தார். மழை தூறியது. குடை கையில் இருந்தும் விரிக்கவில்லை.

"உங்களுக்கு மட்டும் எண்டுதானே சொன்னனான்."

"ஆமா. சொன்னீங்க."

"பிறகேன் அவையளுக்குச் சொன்னனீங்கள்?"

"பாப்பாவை அனுப்பிடுவாங்க கௌரி. அதான்."

"எங்களை அனுப்பினா என்ன செய்வீங்கள்?"

அவர் நடந்தார். எனக்கு அவர் பின்னாலே ஓட வேண்டும்போல இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் திரும்பினேன். அடுத்த சில வாரம் கிங்ஸ்பரியில் என்னைக் கண்டவர்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் காற்றைவிட வேகமாகப் போகும் என்பது எனக்குத் தெரியாததா?

கவுன்சில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. ஒரு வருஷம் மொழிபெயர்க்கக் கூடாது என்றது. நான் கைவைத்த படிவங்களின் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துத் திருத்தச் சொன்னது. போனேன். சில வீட்டில் தேநீர் கிடைத்தது. சில வீட்டில் கதவுச் சங்கிலிக்குப் பின்னாலிருந்து பதில் கிடைத்தது. இரண்டு வீட்டில் திருத்த மறுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அப்பீலுக்குப் பள்ளிக்கூடத் தாளோடு ஒரு சம்பந்தமும் இல்லை என்று சிவகௌரி வீட்டுக்கு அவர்களுடைய வக்கீலே சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. எனக்கும்.

பூனைப் படம்

மறு சோதனைக்குத் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். வல்வெட்டித்துறைப் பெண். நான் அந்த அறைக்குள் போகக் கூடாது. சிவகௌரியும் நானும் நடைபாதையில், பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலிகளில், நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்திருந்தோம். சுவரில் பிள்ளைகளின் கை அச்சுகள்.

சோதனை முடிந்ததும் மிஸஸ் ஹார்ட்லி நடைபாதைக்கு எங்களிடம் வந்து, உள்ளே நடந்ததைச் சொன்னார். முதல் கால் மணி நேரம் அபிராமி வாயே திறக்கவில்லையாம். தமிழில் கேட்டும் திறக்கவில்லை. உளவியலாளர் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார். கூரையில் மாட்டிக்கொண்ட பூனையின் படம் மேசையில் கிடந்தது. மொழிபெயர்ப்பாளர் படத்தை மூடி வைத்துவிட்டு, சோதனையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கலாமா என்று உளவியலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கேட்டார்.

"ஏன் பிள்ளை இஞ்ச கதைக்கிறேல்லை?"

அபிராமி கதவைப் பார்த்தாளாம். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து, அங்கே வைத்துச் சொன்னாளாம். மொழிபெயர்ப்பாளர் அதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருந்தார். தாளின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறு பக்கம் தமிழ். மிஸஸ் ஹார்ட்லி தமிழ்ப் பக்கத்தை எங்களிடம் நீட்டினார்.

"தாளில இங்கிலிஷ் எண்டு எழுதியிருக்காம். இஞ்ச தமிழ் கதைச்சா எங்களைப் பொய்க்காரர் எண்டு விமானத்தில ஏத்தி விடுவினமாம். அம்மா சொன்னவா. எனக்கு இங்கிலிஷ் கதைக்கத் தெரியாது. அதுதான் சும்மா இருக்கிறன்."

இரண்டு வருஷம். அந்தச் சின்னப் பிள்ளை, நானும் அவள் தாயும் எழுதின ஒரு சொல்லைத் தன் குடும்பத்துக்காக வாய்க்குள் வைத்துக் காவல் காத்திருக்கிறாள். நடைபாதையில் நான் தமிழில் கூப்பிட்டபோதெல்லாம் ஓடியது கூச்சத்தில் இல்லை. என்னிடமிருந்தும் தாயையும் தகப்பனையும் காப்பாற்ற ஓடியிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அழக் கூடாது என்பார்கள். அழுதேன்.

சிவகௌரி அழவில்லை. அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். "ஒருநாள்தான் சொன்னனான் மிஸ்," என்றார். "ஒரே ஒருநாள். சேர்த்த அண்டைக்குப் பின்னேரம். பிறகு நான் மறந்திட்டன்."

நடுவில் இருந்த காலி நாற்காலியில் என் கை கிடந்தது. அதன்மேல் அவர் கை வந்தது.

பிற்பகல் வகுப்பு விடுகிற நேரம். கதவுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். குஜராத்தி, சோமாலி, போலிஷ், எல்லாம் கலந்து ஒரு சந்தைச் சத்தம். வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லி வெளியே விட்டார். அபிராமி வந்தாள். எப்போதும் போல வாயை இறுக்கிக்கொண்டு, தலை குனிந்துகொண்டு.

சிவகௌரி குனிந்து அவள் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, ஆசிரியைக்கும் தலைமையாசிரியைக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டனீ?"

அபிராமி திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். ஆசிரியையைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம் இல்லை, ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்க வேண்டுமோ, அந்த ஆளிடம்தான் கேட்டாள்.

"பேசு பாப்பா," என்றேன்.

"மீனும் சிப்ஸும்," என்றாள். "உப்பே இல்லை அம்மா. ஜோர்ஜ் என்ர சிப்ஸ்ல ரெண்டை எடுத்திட்டான், நான் ஒண்டும் சொல்லேல்லை, நாளைக்குச் சொல்லப்போறன்."